என் வலக்கைக்கு வேலை கொடுத்தவர்கள்

பாரிசவாதம் வந்து, உடம்பு ஒரு பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கொஞ்சம் எழும்பி நடக்கப் பழகி வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும், அவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வைத்தியம் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீட்டுப் படலைக்குள் கால் வைத்த பிறகு நோயாளிக்கு என்ன நடக்கும் என்பது தெரியும். எனக்கு நடந்தது.

இதை வலக்கையால்தான் எழுதுகிறேன். எழுத்துக் கோணல். அச்சில் அது தெரியாது என்பது ஒரு வசதி.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பதினாறில் வீட்டை விட்டுப் போனவன். ஆனையிறவில் உப்பு அள்ளினேன். மன்னார்ப் பக்கம் தோணியில் இருந்தேன். கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாப் பிசைந்தேன். கடைசியாகத் திருகோணமலைக்கு ஓடும் லொறி ஒன்றில் மூட்டை ஏற்றி இறக்கினேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாராவது விலாசம் கேட்டால் கொக்குவிலில் என் தங்கை இராசம்மா இருக்கிற வீட்டைச் சொல்வேன். அவள் கலியாணம் செய்யவில்லை. உடுவிலில் ஒரு நெசவுசாலையில் தறி நெய்தாள். வருடத்துக்கு இரண்டு தரம் வருவேன், ஒரு கிழமை அவள் கையால் சாப்பிடுவேன், போய்விடுவேன்.

அந்த ஐப்பசியில் மழையோடு வந்து இறங்கினேன். ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தேன். கையிலிருந்த கிளாஸ் மடியில் கவிழ்ந்தது. இடத்தொடை சுடுகிறது என்றது. வலத்தொடை ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது.

“விடியக் காலத்தாலேயே ஏத்திப்போட்டு வந்திட்டார், பாருங்கோ” என்றார் கடைக்காரர்.

எழும்பப் பார்த்து வலப்பக்கமாகச் சரிந்தேன். எதிர்வாங்கில் பாண் தின்றுகொண்டிருந்த தபால்காரர்தான் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“உது வெறியில்லை. வாயைப் பாருங்கோ, ஒரு பக்கம் கோணிக்கிடக்கு. கார் பிடியுங்கோ கெதியாய்.”

அந்த மனுசனுக்கு நான் உயிரோடு இருப்பது தெரியுமோ என்னவோ. ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கத்துக் கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது குடியல்ல. தண்ணீர் தெளித்துக் கிடத்தி வைக்கிற மயக்கமும் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும்.

கடைக்காரருக்குத் தங்கையைத் தெரியும். வாடகைக் காரை உடுவிலுக்கு விட்டு இராசம்மாவையும் ஏற்றினார்கள். தலைமயிரில் நூல் துணுக்குகள் ஒட்டியபடி ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் என் வலக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவள் தேய்ப்பதைக் கண் பார்த்தது. கைக்குத் தெரியவில்லை. பயம் என்று ஒன்று எனக்கு வந்தது அப்போதுதான். தோணி கவிழ்ந்தபோதுகூட அப்படி வந்ததில்லை. அன்று நீந்தக் கை இருந்தது.

இளம் டொக்டர் ஒருவர் பார்த்தார். ஊசி முனையால் இங்கும் அங்கும் குத்தினார். காரின் சாவியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். இடக்காலில் விரல்கள் கீழே மடிந்தன. வலக்காலில் பெருவிரல் மேலே நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்தால் மூளையிலிருந்து வருகிற கட்டளை வழியில் எங்கோ தடைப்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். மூளையின் இடப்பாதிதான் உடம்பின் வலப்பாதியை ஆள்கிறதாம். என் இடப்பாதியில் ஒரு இரத்தக்குழாய் அடைத்துவிட்டது, அல்லது வெடித்துவிட்டது. எது என்று பார்க்க, ஆளை இறாலைப் போலச் சுருட்டிக் கிடத்தி, முள்ளந்தண்டின் கீழ்ப்பக்கத்தில் நீளமான ஊசி ஏற்றித் தண்ணீர் எடுத்தார்கள். அது தெளிந்த தண்ணீராக வந்தது.

“இரத்தம் கசியேல்லை. அடைப்புத்தான்” என்றார் டொக்டர். “ஐயாவுக்கு எவ்வளவு காலமாய்ப் பிரசர்?”

எனக்குப் பதிலாக இராசம்மா சொன்னாள்: “அவர் ஒரு இடத்திலை நிண்டால்தானே, டொக்டர், பிரசர் பாக்கிறது.”

நாலைந்து நாளில் பேச்சுக் கொஞ்சம் திரும்பியது. டொக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தே விளங்கப்படுத்தினார். மூளையில் செத்த இடம் செத்ததுதான். பக்கத்தில் இருக்கிற இடம் அந்த வேலையைப் பழக வேண்டும். குழந்தை பழகுகிற மாதிரி, திரும்பத் திரும்பச் செய்துதான் அது பழகும். “பிரசருக்கு மருந்து நான் தருவன். பழக்கிற வேலை உங்கடை” என்றார்.

அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் கைகால் பழக்க வருகிற ஒரு சின்ன உருவத்துப் பெண். எல்லாரும் பயிற்சி மிஸி என்றார்கள், பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூட்டைக் கையில் கட்டியிருந்தார். முதல் நாள் வந்து கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்:

“ஐயா, உங்கடை வலக்கை எங்கை?”

நான் தேடினேன். காணவில்லை.

“முதுகுக்குக் கீழை கிடக்கு. சொந்தக் கையை உப்பிடியோ வச்சிருக்கிறது?”

அதை இழுத்து எடுத்து, இடக்கை விரல்களோடு கோத்து, செத்த கையின் பெருவிரல் மேலே இருக்கும்படி வைத்தார். “இனி நல்ல கை மற்றதைக் கூட்டிக்கொண்டு போகட்டும்” என்றார். கோத்த கைகளைத் தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். பத்துத் தரம். அவர் போனபிறகு நான் நாலோடு நிறுத்தினேன்.

“நாலு” என்றார் அடுத்த கட்டில்காரர். “மிஸி பத்தெண்டல்லோ சொன்னது?”

அவர் மீரான் நானா, எல்லாருக்கும் அண்ணன்முறை. பட்டணத்தில் சோனகத் தெருப் பக்கம் தையற்கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. எனக்கு வலம், அவருக்கு இடம். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே விழுந்தவர், அதைக் கழற்ற விடவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தால் நித்திரை வராதாம். இரண்டு காலாலும் மெஷின் மிதித்த மனுசன், இடக்கால் போனால் கடையே போனது. அவர் கிடந்தபடியே கட்டிலின் கீழ்க்கம்பியில் பாதத்தை வைத்து மிதிக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதம் அசையாது. ஆனாலும் முகம் மிதித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆட்கள் வந்தார்கள். ஊரில் எனக்கு இவ்வளவு பேரைத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. தங்கைக்காக வந்தவர்கள். பார்வை நேரத்துக்கு மணி அடித்தால் ஹோர்லிக்ஸ் போத்தல், கதலிப்பழம், கோயில் திருநீறு. திருநீற்றைச் சின்னக் கடதாசிச் சரையில் மடித்துக் கொண்டுவருவார்கள். “பாவம், ஏலாத மனுசன்” என்று என் நெற்றியில் தாங்களே பூசிவிடுவார்கள். ஒருநாள் நாலு கோயில் திருநீறு ஒன்றுக்கு மேல் ஒன்றாய் நெற்றியில் இருக்க, பயிற்சி மிஸி வந்தார்.

“எத்தனை பேர் பூசினவை?”

“நாலு பேர்.”

“நாலு தரமும் உங்கடை வலக்கை எங்கை கிடந்தது?”

நான் போர்வையைப் பார்த்தேன். பக்கத்து வளவுப் பறுவதம் மாமி அப்போதும் சரையோடு நின்றார். மிஸி அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, இனி ஒருத்தரும் பூசிவிடப்படாது. சரையை நீட்டிக்கொண்டு நில்லுங்கோ. அவர் வலக்கையாலை எடுக்கட்டும்.”

“எவ்வளவு நேரம் பிள்ளை நிக்கிறது?”

“கோயிலிலை ஐயர் வருமட்டும் நிக்கிறீங்கள்தானே? அப்பிடி நில்லுங்கோ.”

எங்கள் ஆட்களுக்கு இடக்கையால் திருநீறு எடுக்க மனம் வராது. மற்ற எல்லாவற்றையும் நான் இடக்கையால் ஏமாற்றலாம், இதை முடியாது. அந்தச் சின்ன மிஸி அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். புத்தகத்தில் படித்ததாக இருக்காது. அன்று மாமி சரையை நீட்டியபடி நின்றார். நான் தோளை எறிந்தேன். கை போர்வையில் அரை அடி நகர்ந்து செத்த மீனாகக் கிடந்தது. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பூசவில்லை. சரையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கும் வருவன்” என்றார். வெருட்டுகிற மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிறு நெசவுசாலை மேற்பார்வை அம்மா வந்தார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன், நித்திரை இல்லை.

“இராசம், உன்ரை தறியிலை வேறை பிள்ளையை இருத்தச் சொல்லி மேலையிருந்து நெருக்கினம். தை முடியுமட்டும் நான் பிடிச்சு வைக்கிறன். மாசி முதலாம் நாள் நீ வந்து இருக்காட்டி, பேந்து என்ரை கையிலை இல்லை.”

“அண்ணையை ஆர் பாக்கிறது அக்கா? சோறு தீத்த வேணும், கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். தனிய விட்டிட்டு என்னண்டு வாறது?”

பதினேழு வருடம் அவள் இருந்த தறி அது. தன் சம்பாத்தியத்தில் தன் வீட்டில் ஒருவர் கையையும் பாராமல் இருந்தவள். வருடத்தில் இரண்டு கிழமை வருகிற அண்ணனுக்காக அதை விடப் போகிறாள். கண்ணை மூடிக்கொண்டே மாசிக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

நான் வெளியேற முந்தின நாள் மீரான் நானா என் பெயரைச் சொல்லிக் கேட்டார்:

“தம்பி தில்லை, இஞ்சை மிஸி நிக்குது, ஆடுறம். வீட்டை போனால் ஆர் நிக்கிறது?”

“உங்களுக்கு மெஷின் நிக்கும்.”

“ஓம், எனக்கு மெஷின் நிக்கும். உனக்கு?”

அவர் தன் கழுத்து நாடாவை எடுத்தார். “கிட்ட வா” என்றார். அதன் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, நல்ல கையால் மறுமுனையை இழுத்து, என் தோளை, நெஞ்சை, கையை அளந்தார். அளவைச் சொல்ல வாயைத் திறந்தால் நாடா விழும். மூன்று தரம் விழுந்தது. வார்டே சிரித்தது.

“ஒரு சட்டை தைக்கிறன். என்ரை இந்தக் காலாலை மிதிச்சுத் தைப்பன். நீ உன்ரை அந்தக் கையாலை பொத்தான் பூட்ட வேணும். தங்கச்சி பூட்டிவிட்டால் அது உன்ரை சட்டையில்லை.”

அடுத்த நாள் இராசம்மாவிடம் மிஸி செய்ய வேண்டியதையெல்லாம் காட்டிக் கொடுத்தார். கடைசியில் சொன்னது இது: “அக்கா, நீங்கள் இவரை நல்லாய்ப் பாப்பீங்கள். அதுதான் எனக்குப் பயம்.”

அவர் பயந்தது சரி. கார்த்திகை நடுவில் வீட்டுக்கு வந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு, தலைக்கு ஒன்று காலுக்கு ஒன்று தலையணை வைத்து, இராசம்மா என்னை அதில் சாய்த்தாள். காலையில் முகம் துடைத்துவிட்டாள். உப்புக் குறைத்துப் புட்டு அவித்து, சொதி விட்டுக் குழைத்து வாயில் தீத்தினாள். ஆட்களுக்கு முன்னால் நான் இடக்கையால் சாப்பிட்டு வெட்கப்படக் கூடாது என்று, யாரும் வருமுன் தீத்தி முடித்துவிடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான்: “உடம்பை அலட்டாதேயுங்கோ. கிடவுங்கோ.” நான் எழும்ப உன்னினால் மூன்று பேர் பிடிப்பார்கள். மழை வேறு. முற்றம் சேறு, வழுக்கும். நாளைக்கு நடக்கலாம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. முப்பது வருடம் ஊர் ஊராய்த் திரிந்தவனுக்கு யாரும் சோறு தீத்தவில்லை. காய்ச்சல் வந்தால் லொறிக்குக் கீழே சாக்கை விரித்துக் கிடந்தவன். கையைக் கோத்துப் பத்துத் தரம் தூக்குவது ஐந்தாகி, இரண்டாகி, ஒருநாள் மறந்தே போனது. மறந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்க மீரான் நானாவும் பக்கத்தில் இல்லை.

உடம்பு காத்திருப்பதில்லை. இருபது நாளில் என் வலக் குதிக்கால் நிலத்தில் முழுதாகப் பதிய மறுத்தது. கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் சுருண்டு நகம் உள்ளங்கையில் குத்தியது. ஆஸ்பத்திரியில் பத்தடி நடந்தவன், வீட்டில் மூன்றடிக்கு இராசம்மாவின் தோளைப் பிடித்தேன். அவள் முகம் வற்றிக்கொண்டு வந்தது. தறியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம் சைக்கிளில் ஒருவர் வந்தார். மீரான் நானாவின் மருமகன். கடதாசியில் சுற்றிய பொதி ஒன்றை நீட்டினார். நான் இடக்கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“மாமா சொல்லிவிட்டவர், வலக்கையிலைதான் குடுக்க வேணுமாம். ஏலாதெண்டால் திருப்பிக் கொண்டு வரட்டாம், வேறை ஆளுக்கு விப்பாராம்.”

இராசம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. நான் கோத்த கையோடு வாங்கினேன், அதைச் சரி என்று அவர் ஒத்துக்கொண்டார்.

வெள்ளைச் சட்டை. அதை மடியில் வைத்துத் தையலைப் பார்த்தேன். தையல் எனக்குத் தெரியாது, ஆனால் இதை யாரும் வாசிக்கலாம். தோள் மூட்டைத்தான் முதலில் தைத்திருக்கிறார். அந்தத் தையல் குடிகாரன் நடையாக வளைந்து போனது. மெஷின் நின்று நின்று ஓடியிருக்கிறது, இரண்டு இடத்தில் நூல் முடிச்சாகக் கிடந்தது. கையும் பக்கங்களும் கொஞ்சம் நேர். கடைசியில் மடித்தடித்த கீழ்க்கரை வரம்பு கட்டின மாதிரி நேராகப் போயிருந்தது. ஒரு மனுசனின் செத்த கால் திரும்பி வந்த வழி அந்தச் சட்டையில் தோளிலிருந்து கீழே இறங்கிக் கிடந்தது. நான் சாய்மனைக் கதிரையில் கிடந்து தீத்தத் தீத்தச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில்.

முன்னால் ஏழு பொத்தான். இரண்டு பைக்கும் மூடி வைத்து அவற்றுக்கும் ஒவ்வொன்று. ஒன்பது.

“ஓட்டையெல்லாம் இறுக்கமாய்க் கிடக்கே” என்றாள் இராசம்மா.

“மாமா வேணுமெண்டுதான் வச்சவர்” என்றார் மருமகன்.

அவர் போனதும் சொன்னேன்: “இராசம், இந்தச் சாய்மனைக் கதிரையைப் பறுவதம் மாமி வீட்டிலை கொண்டுபோய் விடு.”

“ஏன், மாமிக்கும் வாதமோ?”

“எனக்கு நேர்க்கதிரை போதும். சுவரோடை வை.”

அன்றைக்குத் தொடங்கினோம். வீட்டுக்குப் பின்னால் ரயில்பாதை. மணிக்கூடு வேண்டாம். காலை வண்டி போனால் கை. ஒன்றையும் பிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பித் திரும்ப உட்கார்கிறது, பிறகு குதிக்காலை நிலத்தில் அழுத்தி நடை. அது பகல் வண்டிக்கு. பின்னேர வண்டிக்குத் திரும்பவும் கை. வண்டி பிந்தினால் பிந்தித்தான், ஆனால் வராமல் விட்டதில்லை, நாங்களும் விடவில்லை. மேசையில் துவாயை விரித்து, கோத்த கைகளால் முன்னுக்கும் பின்னுக்கும் துடைத்தேன். அந்த மேசை அவ்வளவு பளபளப்பாக முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எடுத்து வைக்க முதலில் பனங்கொட்டை. அது வந்ததும் தேசிக்காய். பிறகு கொட்டைப்பாக்கு. புளியங்கொட்டையை எடுக்கப் பதினொரு நாள் எடுத்தது. அதுவரை அது என் விரலுக்குள் வராமல் ஓடி ஒளிந்தது.

வலி வந்தால் நிறுத்தினேன். தோளைச் சண்டித்தனமாக இழுக்கக் கூடாது என்று மிஸி சொல்லியிருந்தார். ஈர நிலத்தில் நடக்கவில்லை. கிணற்றடிக்குத் தனியாகப் போகவில்லை. இவ்வளவுதான் கவனம். மற்றப்படி, களைத்துப்போகும் என்று பயந்து விட்ட நாள்தான் நட்டம், களைத்த நாள் நட்டமில்லை.

சோறுதான் பெரிய சண்டை. வலக்கையால் அள்ளினால் பாதி மடியில், கால்வாசி நிலத்தில். வாய்க்கு வருவது நாலு பருக்கை. இராசம்மாவின் கை தானாக நீளும். நான் முறைப்பேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போய் அழுவாள். ஒருநாள் விறாந்தைப் படியில் கால் தடுக்கி முழுதாக விழுந்தேன். முழங்கை உரசி இரத்தம். அவள் ஓடி வந்து என்னைத் தூக்கி இருத்திவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

“எனக்குத் தறி வேண்டாம், அண்ணை. நீங்கள் விழுறதை என்னாலை பாக்க ஏலாது. இருங்கோ, நான் வச்சுப் பாக்கிறன். எவ்வளவு காலமெண்டாலும் பாக்கிறன்.”

“முப்பது வருசம் உன்ரை கண்ணுக்கு மறைவிலை விழுந்து எழும்பினனான். இப்ப கண்ணுக்கு முன்னாலை விழுறன். அதுதான் வித்தியாசம்.”

அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த நாள் உடுவிலுக்குப் போய் மேற்பார்வை அம்மாவிடம் கேட்டு, நூல் கழிகளும் வெறும் குழல்களும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எதிரே இருந்து குழலில் நூல் சுற்றத் தொடங்குவாள். கை வேலையாக இருந்தால் என் சோற்றுக் கோப்பைக்கு நீளாது. சோறு சிந்தும், அவள் குழலைப் பார்ப்பாள். இன்னும் சிந்தும், இன்னும் வேகமாகச் சுற்றுவாள். எனக்குத் தீத்தியதில் அவள் பட்ட பாடு சின்னது. தீத்தாமல் எதிரே இருந்ததுதான் பெரியது. அந்தத் தையில் தன் தறிக்கு வேண்டிய நூலையெல்லாம் அவள் சுற்றி முடித்துவிட்டாள்.

பறுவதம் மாமியும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சரையை நீட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். நான்தான் நடந்து போக வேண்டும். “கால் உளையுது, கெதியாய் வாரும்” என்று ஏசுவார். ஏசுவதற்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்த வெள்ளி ஒன்றும் இல்லை.

தை நடுவில் கிளினிக். ஆஸ்பத்திரி நடைவழியில் நீளமாக வாங்குகள், எல்லா வாங்கிலும் ஆட்கள், கையில் நம்பர்த் துண்டு. காலையில் போனால் பெயர் கூப்பிட மத்தியானமாகும். அங்கே என்னைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்தேன். எங்களோடு ஒரே வார்டில் எழும்பி நடந்தவர் ஒருவரை இரண்டு மகன்மார் கதிரையில் தூக்கி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தகப்பனின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருடைய கை நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. என் மார்கழிக் கை அது. அவர்களுக்கு ஏதாவது சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் இருந்தேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மீரான் நானா கைத்தடியோடு தானே நடந்து வந்தார். நாடா கழுத்தில். முதலில் என் சட்டையைத்தான் பார்த்தார்.

“ஒன்பதும் பூட்டினியோ?”

“எட்டு நான். கழுத்துப் பொத்தான் தங்கச்சி.”

“அப்ப அது தங்கச்சியின்ரை சட்டை. கழட்டித் தா.”

“நானா, உங்கடை தோள்மூட்டுத் தையலைப் பாத்தனான். வெறியிலை தைச்ச மாதிரிக் கிடக்கு.”

“அவ்வளவும் உனக்காகத்தான். நேராய்த் தைச்சிருந்தால் நீ எழும்பியிருப்பியோ?”

அப்போதுதான் விளங்கியது. மறைக்கலாம். பிரித்துத் தைக்கலாம். நாற்பது வருடத் தையல்காரர் கோணல் தையலோடு ஒரு சட்டையைக் கடைக்கு வெளியே விடமாட்டார். விட்டிருக்கிறார்.

பயிற்சி மிஸி வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், என் குதிக்காலைப் பார்த்தார், விரல்களை விரித்துப் பார்த்தார். பெரிதாகப் புகழவில்லை. இராசம்மாவிடம், “அக்கா, மெலிஞ்சு போனீங்கள். அவர் தேறின கணக்கு உங்களிலை தெரியுது” என்றார். பிறகு என்னிடம்: “கிளினிக்குக்கு இனி மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும். பயிற்சிக்கு லீவு இல்லை.”

மாசி முதலாம் நாள் வந்தது. இராசம்மா விடியமுன் எழும்பி, சோறு கறி ஆக்கி, கோப்பையில் போட்டு மூடி, மூக்குப்பேணியில் தண்ணீர் வைத்து, தடியைக் கதிரையோடு சாத்தி, எல்லாவற்றையும் கைக்கெட்டுகிற மாதிரி வைத்தாள். நான் அவள் பார்க்க எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். எழும்பிப் போய் எடுக்கத்தானே பழகினேன்.

“மத்தியானம் மாமி வந்து பாப்பா.”

“வரட்டும். தீத்தக் கூடாதெண்டு சொல்லு.”

“கிணத்தடிக்குப் போகாதேயுங்கோ.”

“போகேல்லை.”

“பகல் வண்டிக்கு நடக்க வேணும்.”

“நடப்பன். உனக்கு பஸ் போகப்போகுது, நீ வெளிக்கிடு.”

சாமிப்படத்தடியில் இருந்த திருநீற்றுச் சிரட்டையை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். பழக்கமாகிவிட்டது. நீட்டிக்கொண்டு நிற்பாள், நான் எடுத்துப் பூசுவேன். வலக்கையை உயர்த்தினேன். விரல்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. எடுத்தேன்.

“நெத்தியைக் காட்டு” என்றேன்.

“எனக்கோ?”

“வேலைக்குப் போறது நீதானே.”

அவள் அந்த வீட்டிலிருந்து தறிக்குப் புறப்பட்ட பதினேழு வருடத்தில் நான் எந்த ஒரு காலையிலும் எழும்பி வந்து அவளை வழியனுப்பவில்லை. குனிந்தாள். பூசினேன். மூன்று கோடாக வரவேண்டியது ஒன்றாய்க் கலந்து, வலப்பக்கமாக இறங்கி, புருவத்தைத் தாண்டிக் கன்னத்தில் போய் முடிந்தது. கொஞ்சம் கண்ணுக்குள்ளும் விழுந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்தாள்.

விறாந்தைத் தூணில் கண்ணாடி தொங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“போட்டு வாறன், அண்ணை” என்று சொல்லி, அந்தக் கோணல் திருநீற்றோடு படலையைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.